ஆபத்தான ஹீரோவை எடை போடுவது எப்படி: எங்கள் சேலம் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்பயர்ஸ் அண்ட் பசில்ஸ் என்கிற மொபைல் ஆட்டத்தை ஆடுகிற நாங்கள் ஒரே அலையன்ஸில் (ஆட்டத்துக்குள் சேர்ந்து ஆடும் குழு) இருக்கிறோம். அம்மாப்பேட்டை, சூரமங்கலம், அஸ்தம்பட்டி, கொண்டலாம்பட்டி என்று ஆளுக்கொரு மூலை. ஏற்காட்டிலிருந்தும் சிலர் உண்டு. சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடக் கூடினால் பேச்சு எப்படியும் இந்த ஆட்டத்துக்கே வந்துவிடும். அதிலும் "பெரிய அடி, ஆனால் நம்ம அணிக்கும் சேதம்" என்கிற ரகத்தில் புது ஹீரோ ஒருவர் வந்துவிட்டால், கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வரும். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஆட்டத்தின் விதிகள் உள்ளபடி. அடி, உயிர் என்று கீழே நான் போடும் கணக்குகளில் வரும் ஹீரோக்கள் மட்டும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவர்கள்.

அண்ணா, நான் புதுசு. ஆட்டத்தையே முதலில் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பின்லாந்தைச் சேர்ந்த ஸ்மால் ஜெயன்ட் கேம்ஸ் 2017-ல் வெளியிட்ட ஆட்டம். போர்டில் குறுக்கே 7, மேலிருந்து கீழே 5, மொத்தம் 35 டைல். ஐந்து நிறம். ஒரே நிற டைல் மூன்றைச் சேர்த்தால் அவை மேலே பறந்துபோய் எதிரியை அடிக்கும். அதே நிறத்து ஹீரோவுக்கு மானா என்கிற சக்தி ஏறும். மானா நிரம்பினால் அவருடைய ஸ்பெஷலைப் (தனித் திறமையை) பயன்படுத்தலாம். அணிக்கு ஐந்து ஹீரோ. சிவப்பு பச்சையை வெல்லும், பச்சை நீலத்தை, நீலம் சிவப்பை. மஞ்சளும் ஊதாவும் ஒன்றையொன்று பலமாக அடிக்கும்.

மற்றவர் அணியைத் தாக்குவது ரெய்டு. இரண்டு அலையன்ஸ் மோதுவது வார். எல்லோரும் சேர்ந்து ஒரே பெரிய பூதத்தை அடிப்பது டைட்டன். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆபத்தான ஹீரோ என்றால் யார்?

அடிக்கும்போது தன் உயிரையே கொஞ்சம் இழக்கிறவர். தன் அணிக்காரர்களின் உயிரையோ தற்காப்பையோ குறைத்துவிட்டு அடிக்கிறவர். "இத்தனை சதவீத வாய்ப்பு" என்று கார்டில் (ஹீரோவின் விவரம் இருக்கும் பக்கத்தில்) எழுதியிருக்கிறவர். தாக்கும் பலம் அதிகமாகவும் தற்காப்பு சன்னமாகவும் உள்ளவர்; கிரிம் என்கிற ஹீரோ இந்த ரகத்துக்குப் பெயர் போனவர். அப்புறம், போரில் (Boril), சிப்ரியன், எலீனா என்கிற ஹீரோக்கள் மாதிரி எதிரி அடித்தால் திருப்பி அடிக்கிறவர்கள். எதிரி அடிக்காமல் காத்திருந்தாலோ, அந்தப் பலத்தை நீக்கிவிட்டாலோ இவர்களுடைய ஸ்பெஷல் வீண்.

இன்னொரு ரகத்தை யாரும் ஆபத்து என்று சொல்வதில்லை. மானா மெதுவாக ஏறி, முழு பலத்தையும் ஒரே ஸ்பெஷலில் வைத்திருக்கிறவர். என்னைக் கேட்டால் அவர்தான் பலருடைய அணியைக் கவிழ்க்கிறவர். கார்டில் கெட்ட வரி ஒன்றுகூட இருக்காது. ஆனால் அவர் தயாராவதற்குள் சண்டை முடிந்திருக்கும்.

சேதம் அதிகமாக இருக்கிறது, சராசரியும் அதிகம். அப்புறம் என்ன யோசனை?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், ஏனென்றால் பாதி வாக்குவாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

இரண்டு ஹீரோவை எடுத்துக்கொள்வோம். நிதானமானவர் எப்போது அடித்தாலும் 500. ஆபத்தானவர் அடித்தால் 1,000, ஆனால் 60 சதவீத வாய்ப்புதான். மீதி 40 சதவீதம் ஒன்றுமே இல்லை. சராசரி பார்த்தால் ஆபத்தானவருக்கு 600. அவர்தான் மேல் என்று தோன்றும்.

இப்போது எதிரியிடம் 450 உயிர் மிச்சம் என்று வையுங்கள். நிதானமானவர் நிச்சயமாக முடித்துவிடுவார். ஆபத்தானவர் பத்துக்கு ஆறு முறைதான் முடிப்பார். 1,000 அடித்தாலும் 550 வீணாகப் போகிறது. சராசரி 600 என்ற பெருமை இங்கே எதற்கும் உதவாது.

எதிரியிடம் 700 என்றால் கதை மாறுகிறது. நிதானமானவரால் ஒரே அடியில் முடியவே முடியாது. ஆபத்தானவருக்கு 60 சதவீதம் உண்டு. அடுத்த முறை அந்த எதிரி ஸ்பெஷல் அடித்தால் நம் அணி காலி என்கிற நிலைமையில், ஆபத்தானவர் ஒருவரை நம்பித்தான் ஆக வேண்டும்.

900 என்றால்? இரண்டு முறை அடிக்க நேரம் இருக்கிறதென்றால் நிதானமானவர் உறுதியாக முடிப்பார். ஆபத்தானவர் இரண்டு முறையும் தவறவிடும் வாய்ப்பு 0.4 × 0.4, அதாவது 16 சதவீதம். ஆக 84 சதவீதம் முடிப்பார். நேரம் இல்லையென்றால் மறுபடியும் ஆபத்தானவர்தான்.

ஆகவே சராசரியைப் பார்க்காதீர்கள். எதிரியின் மிச்ச உயிரையும், நமக்கு எத்தனை திருப்பம் (டர்ன்) மிச்சம் என்பதையும் பாருங்கள். நாம் தோற்றுக்கொண்டிருக்கும்போது ஏற்ற இறக்கம் அதிகமுள்ள ஹீரோ நல்லவர். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது அதே ஹீரோவுக்கு மானா நிரம்பியிருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே நல்லது. நன்றாக ஆடுகிறவர்கள் இதை எழுதிப் பார்க்காமலே செய்கிறார்கள்; கவனித்துப் பார்த்தால் தெரியும்.

தன் உயிரைக் கொடுத்து அடிக்கிறவருக்கு என்ன கணக்கு?

மொத்த உயிர் 1,300, ஒவ்வொரு ஸ்பெஷலுக்கும் அதில் 20 சதவீதம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 260. மூன்று முறை அடித்தால் 780. எதிரி ஒருமுறைகூடத் தொடாமலே 520-க்கு வந்துவிட்டார்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இதற்குமேல்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒரு நிறத்து டைலின் அடி, அந்த நிறத்தில் உயிரோடிருக்கிற ஹீரோக்களின் தாக்கும் பலத்தைச் சேர்த்து வருவது. அணியில் இரண்டு சிவப்பு இருந்து ஒருவர் விழுந்தால் சிவப்பு டைலின் அடியும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஒரே சிவப்பு ஹீரோ அவர்தான் என்றால், போர்டில் இருக்கும் சிவப்பு டைல் எல்லாம் எதிரியை ஒன்றுமே செய்யாது. ஆகவே அவர் விழுந்தால் போவது ஒரு ஸ்பெஷல் மட்டும் என்று நினைக்கக் கூடாது.

நான் எந்த ஆபத்தான ஹீரோவைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதுதான்: இவர் நான்காவது திருப்பத்தில் விழுந்துவிட்டால் மீதி நாலு பேரை வைத்துக்கொண்டு சண்டையை முடிக்க முடியுமா? முடியும் என்றால் அவர் எவ்வளவு ஆபத்தானவராக இருந்தாலும் பரவாயில்லை. முடியாதென்றால் அவர் எவ்வளவு அடித்தாலும் அந்த அணி சரியில்லை.

இன்னொன்று. தன் உயிரைக் குறைத்துக்கொள்கிற ஸ்பெஷல் அவரையே கொன்றுவிடுமா, இல்லை கொஞ்சம் மிச்சம் வைக்குமா என்பது கார்டுக்குக் கார்டு வேறுபடும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் வாருக்குப் போகாதீர்கள்.

மெதுவான மானா உண்மையில் எவ்வளவு மெதுவு?

வேகமானவருக்கு 8 டைல், நடுத்தரத்துக்கு 10, மெதுவானவருக்கு 12. மும்மூன்றாகச் சேர்த்தால் வேகமானவர் மூன்று திருப்பத்தில் தயார், மெதுவானவருக்கு நாலு. ஒரே ஒரு திருப்பம்தானே வித்தியாசம் என்பார்கள். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த நிறம் கிடைக்கும் என்று யார் சொன்னது? 35 டைலில் ஐந்து நிறம் என்றால் ஒரு நிறத்துக்குச் சராசரி 7. அந்த ஏழும் பக்கம் பக்கமாக இருக்காது. ட்ரூப் (ஹீரோவோடு சேர்க்கிற படை) நல்ல லெவலில் இருந்தால் மானா கொஞ்சம் சீக்கிரம் ஏறும், அது தனி உதவி.

ஒரே நிறத்தில் ஐந்து பேரையும் போட்டு, அதில் ஆபத்தான ஹீரோவையும் சேர்க்கலாமா?

மோனோ அணியே ஓர் ஆபத்து. டைல் அடி பயங்கரமாக இருக்கும். ஒரு டைல் சேர்த்தால் ஐந்து பேருக்கும் மானா ஏறும். ஆனால் மற்ற நாலு நிற டைல்களும் எதிரியை ஒன்றும் செய்யாது. ஆரம்பப் போர்டு கெட்டதாக அமைந்தால் முதல் சில திருப்பம் வெறும் கையோடு நிற்க வேண்டும். அதன் மேல் இன்னோர் ஆபத்தான ஹீரோ என்றால், இரண்டு வாய்ப்பும் சேர்ந்து அமைய வேண்டும். நல்ல போர்டு 70 சதவீதம், அவர் அடிப்பது 60 சதவீதம் என்று வைத்தால், இரண்டும் அமைவது 42 சதவீதம். பாதிக்கும் கீழே.

மூன்று ஒரு நிறம், இரண்டு வேறு நிறம் என்று போட்டால் அவருக்கு இடம் கொடுக்கலாம். நான் பரிந்துரைப்பது இதையே.

ரெய்டு, வார், டைட்டன்: எதில் இவரைக் கொண்டுபோகலாம்?

"இந்த ஹீரோ நல்லவரா" என்று மொட்டையாகக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. எங்கே என்று கேட்டால்தான் சொல்வேன்.

ரெய்டில் எதிரியைப் பிடிக்கவில்லையென்றால் கொஞ்சம் உணவைச் செலவழித்து வேறு எதிரியைத் தேடலாம். ஆபத்தான ஹீரோவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அவருக்குத் தோதான நிறம், அவருடைய பலத்தை நீக்காத எதிரி என்று பார்த்துப் பொறுக்கலாம். தோற்றாலும் கோப்பை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். புது ஹீரோவைப் பழகுவதற்கு ரெய்டுதான் சரி.

வாரில் ஆளுக்கு ஆறு தாக்குதல். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஹீரோ, ஒருமுறை போனவர் அந்த வாரில் மறுபடி வர முடியாது. அதாவது ஆபத்தான ஹீரோவுக்கு ஒரே ஒரு சண்டை. ஆனால் வாரில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: நீங்கள் தோற்றாலும் எதிரி அணிக்கு ஏற்பட்ட சேதம் அப்படியே நிற்கும். மூன்று பேரை வீழ்த்திவிட்டுத் தோற்றால், மீதி இரண்டு பேரை நம்மில் இன்னொருவர் தன்னுடைய சுமாரான அணியை வைத்தே முடித்துவிடலாம். ஆகவே ஆபத்தான ஹீரோவோடு போகிறவர் முதலில் போக வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு ஆள் இருக்கும்போதே. எல்லோரும் அடித்து முடித்த பிறகு, கடைசித் தாக்குதலுக்கு அவரை எடுத்துக்கொண்டு போவதை எங்கள் குழுவில் நான் எப்போதும் தடுப்பேன். அங்கே தோற்றால் தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை.

டைட்டனில் நிலைமை வேறு. அங்கே பொருள்களைப் பயன்படுத்தலாம். உயிர் ஏற்றும் மருந்தைக் கொடுத்து அவரைக் காப்பாற்றலாம். ரெய்டிலும் வாரிலும் அந்த வசதி இல்லை. தன் உயிரைக் கொடுத்து அடிக்கிறவர் டைட்டனில் நன்றாகவே உழைப்பார். ஆனால் டைட்டனில் பெரும்பகுதி சேதம் டைலிலிருந்து வருகிறது. எனவே அவர் ஸ்பெஷலின் எண்ணைவிட அவரால் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க முடிகிறது என்பதுதான் மதிப்பெண்.

டிஃபென்ஸில் (மற்றவர் நம்மைத் தாக்கும்போது எதிர்த்து நிற்கும் அணியில்) வைத்தால்?

வேண்டாம். டிஃபென்ஸை ஆடுவது கம்ப்யூட்டர். மானா நிரம்பியதும் ஸ்பெஷலை அடித்துவிடும். ஹீலர் (உயிர் ஏற்றுகிறவர்) தயாராகட்டும் என்று காத்திருக்காது, இப்போது அடித்தால் நமக்கே நஷ்டம் என்று யோசிக்காது. ஆபத்தான ஹீரோவின் முழு மதிப்பும் எப்போது அடிப்பது என்பதில் இருக்கிறது. அந்த முடிவு நம் கையில் இல்லாத இடத்தில் அவரை வைத்து என்ன பயன்?

விதிவிலக்கு ஒன்று: திருப்பி அடிக்கிற ரகம். எதிரில் ஆடுகிற மனிதர் தயங்குவார், டைலை எங்கே அனுப்புவது என்று யோசிப்பார். அந்தத் தயக்கமே லாபம். போரில் என்கிற அந்த ஹீரோ நடுவில் நிற்கும் அணியைப் பார்த்தால் நானே இன்னொருமுறை யோசிப்பேன்.

அவருக்குத் துணையாக யாரைப் போடலாம்?

அவருடைய குறை எதுவோ அதைப் பார்த்துத் துணையைத் தேட வேண்டும். அணிக்காரர்கள் மேல் கெட்ட விளைவை ஏற்றுகிறவர் என்றால் ரிகார்ட். உயிரும் ஏற்றுவார், கெட்ட விளைவுகளையும் நீக்குவார். நீக்க முடியாத விளைவு என்று கார்டில் எழுதியிருந்தால் ரிகார்டாலும் முடியாது, அதைக் கவனியுங்கள். உயிர் மட்டும் குறைகிறதென்றால் போல்டஸ்க் போதும், கூடவே தாக்கும் பலமும் கூடும். எதிரி தன் தற்காப்பை ஏற்றிக்கொண்டு நம்முடைய ஒரே பெரிய அடியை வீணாக்குகிறார் என்றால் மெலண்டோர் அந்தப் பலத்தை நீக்கிக் கொடுப்பார்.

கவனித்தீர்களா, மூன்று பேருமே 4 நட்சத்திர ஹீரோக்கள். ஆபத்தான 5 நட்சத்திர ஹீரோவுக்கு விலை உயர்ந்த துணைதான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எத்தனை சண்டை ஆடிப் பார்த்தால் முடிவு சொல்லலாம்?

பத்துச் சண்டையில் ஏழு ஜெயித்துவிட்டு "செம ஹீரோ" என்று எழுதுகிறவர்கள் நிறைய. புள்ளியியல் கணக்குப்படி, பத்துக்கு ஏழு என்றால் அவருடைய உண்மையான வெற்றி விகிதம் 35 முதல் 93 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மோசமான ஹீரோவும் அதற்குள் அடக்கம், அருமையான ஹீரோவும் அடக்கம். நூறு சண்டையில் எழுபது என்றால் அந்த இடைவெளி 60 முதல் 79 வரை சுருங்கிவிடும். வாய்ப்பை நம்பி அடிக்கிற ஹீரோவுக்கு இது இன்னும் அவசியம்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு டச் (வெள்ளியின் சுத்தம்) பார்க்கிறவர் பளபளப்பை வைத்துத் தரம் சொல்வதில்லை. அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

நூறு சண்டை ஆட நேரமில்லை என்றால் வெற்றி தோல்வியை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சண்டையிலும் மூன்று விஷயம் மட்டும் குறியுங்கள்: எத்தனையாவது திருப்பத்தில் முதல் ஸ்பெஷல் அடித்தார், அடித்த பிறகு எத்தனை திருப்பம் உயிரோடு இருந்தார், மானா நிரம்பியும் அடிக்காமலே விழுந்தாரா. மூன்றாவதுதான் நிறையச் சொல்லும். நிரம்பிய மானாவோடு அடிக்கடி விழுகிறார் என்றால், ஒன்று நீங்கள் அதிகமாகக் காத்திருக்கிறீர்கள், இல்லை அவருடைய உடம்பு தாங்கவில்லை. இரண்டில் எது என்று இருபது சண்டைக்குள் தெரிந்துவிடும்.

யூடியூபில் ஏ பிளஸ் கொடுத்திருக்கிறார்களே?

அந்த வீடியோ போட்டவரிடம் இருக்கிற துணை ஹீரோக்கள், ட்ரூப், எம்ப்ளம் (ஹீரோவின் பலத்தைக் கூட்டும் பொருள்) எல்லாம் உங்களிடம் இருந்தால் அந்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அரிய பொருளைக் கொடுத்து உச்சிவரை வளர்க்கலாமா?

5 நட்சத்திர ஹீரோவைக் கடைசிக் கட்டத்துக்கு ஏற்ற, எளிதில் கிடைக்காத பொருள் ஆறு வேண்டும். அதைச் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும், கொடுத்தால் திரும்பி வராது. உங்களிடம் அந்த நிறத்தில் நிதானமான ஹீரோ ஒருவராவது முழுதாக வளர்ந்திருந்தால் மட்டும் ஆபத்தானவருக்குக் கொடுங்கள். அந்த நிறத்தின் முதல் ஹீரோவாக அவரை வளர்க்காதீர்கள். டைட்டனுக்கும் வாருக்கும் நம்பி நிற்க ஒருவர் வேண்டும். இவர் அப்படிப்பட்டவர் இல்லை.

அவசரமும் வேண்டாம். மூன்றாம் கட்டத்திலேயே நிறுத்தி ரெய்டில் பழகலாம். அவருடைய ஸ்பெஷல் உச்ச லெவலான 8-க்கு வந்துவிட்டால் அடிக்கும் விதம் முழுதாகத் தெரிந்துவிடும். உச்சிக்குப் போனால் கூடுவது உயிரும் பலமும்.

என் மகன் இந்த ஹீரோவுக்காகச் சம்மன் (ஹீரோ கிடைக்கிற குலுக்கல்) பண்ணப் பணம் கேட்கிறான் தம்பி. கிடைக்குமா?

அக்கா, கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறைக்கு 1 சதவீத வாய்ப்பு என்றால், நூறு முறை இழுத்தாலும் கிடைக்கும் என்று உறுதி கிடையாது. ஒருமுறையாவது கிடைக்கும் வாய்ப்பு 63 சதவீதம். நூறு முறை இழுத்தும் வெறும் கையோடு திரும்புகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல். முந்தின இழுப்பில் கிடைக்கவில்லை என்பதால் அடுத்ததில் வாய்ப்பு கூடுவதும் இல்லை, ஆட்டமே தனியாக அப்படி ஒரு விதி வைத்திருந்தால் தவிர.

அந்தச் சதவீதத்தை ஆட்டத்துக்குள்ளேயே பார்க்கலாம். பணம் கொடுத்து வாங்குகிற இந்த மாதிரிப் பெட்டிகளில் என்ன வாய்ப்பு என்று காட்டியே ஆக வேண்டும் என ஆப்பிள் 2017 டிசம்பரில் விதி போட்டது. மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங் இருக்கிறது. அதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். ஆபத்தான ஹீரோ ஒருவருக்காக மட்டும் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிடைத்தாலும் அவர் தனியாக நின்று எதையும் ஜெயித்துக் கொடுக்க மாட்டார்.

ஏற்காடு பஸ்ஸில் போகும்போது வார் அடிக்கலாமா?

இருபது கொண்டை ஊசி வளைவிலும் சிக்னல் வந்து வந்து போகும். அடிவாரத்திலேயே அடித்து முடித்துவிடுங்கள், இல்லை மேலே ஏரிப் பக்கம் இறங்கியதும் அடியுங்கள். மலை ஏறும்போது மூன்று டைல் தேடுவதற்கு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது எவ்வளவோ மேல்.

எப்போது அவரை அணியிலிருந்து எடுக்க வேண்டும்?

இரண்டு சமயங்களில். ஒன்று, ஆட்டத்தை உருவாக்குகிறவர்கள் அவருடைய கார்டை மாற்றும்போது. புதிய பதிப்புகளில் ஹீரோக்களின் பலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நடக்கிறது. அன்றைக்குப் பழைய குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வரிக்கு வரி புதிதாகப் படியுங்கள். இரண்டு, அவருக்காகவே மற்ற நாலு பேரையும் தேர்ந்தெடுக்கிற நிலை வரும்போது. அவரைக் காப்பாற்ற ஒரு ஹீலர், அவர் விளைவை நீக்க இன்னொருவர், மானா ஏற்ற இன்னொருவர் என்று போனால், அடிக்கிறவர் அவர் ஒருவர் மட்டும் ஆகிவிடுகிறார். அந்த அணியில் அவர் இடத்தில் நிதானமானவர் ஒருவரை வைத்து ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். முடிவில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஆபத்தானவரை டைட்டன் அணிக்கு மாற்றிவிடலாம்.